லினக்ஸ் மின்ட்: எங்கள் பனியன் கம்பெனியில் ஓராண்டு

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கணினியில்தான் எங்கள் கம்பெனியின் டெலிவரி சலான்கள் அடிக்கப்படுகின்றன. 2014ஆம் ஆண்டு வாங்கியது. மூடியைத் திறந்தால் மின்விசிறியில் பஞ்சுத் தூசி மெத்தைபோல் படிந்திருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நானே பிரஷ் வைத்துத் தட்டி எடுப்பேன். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறை பவர் சப்ளை, ஒருமுறை கீபோர்டு மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். 2024 தீபாவளி விடுமுறை முடிந்த கையோடு, கணினிகளைப் பராமரிக்க வருபவர் அதையும் சேர்த்துப் பன்னிரண்டு கணினிகளை மாற்றுவதற்கு ஒரு கொட்டேஷன் கொடுத்தார். ஒன்று 42,000 ரூபாய் வீதம் 5,04,000 ரூபாய். காரணம் ஒரே வரியில் இருந்தது: விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு பாதுகாப்பு அப்டேட் நிற்கிறது, இவற்றில் விண்டோஸ் 11 ஏறாது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் சில்லு என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எங்களிடம் இருந்த பதினான்கில் இரண்டுதான் தேறின. மற்றவை நான்காம், ஆறாம் தலைமுறை. முதலாளி கொட்டேஷனை என் மேசையில் வைத்துவிட்டு, “அம்மிணி, ஓடுகிற வண்டியை எதற்கு எடைக்குப் போட வேண்டும்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான், விண்டோஸ் இருக்கும் இடத்தில் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு வந்தேன். நான் படித்தது பி.காம். கணக்குப் பிரிவில் சேர்ந்து, பிறகு கணினிப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. என்னைப் போல் ஏற்றுமதி அலுவலகங்களில் இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் 10லேயே ஓட்டிவிடலாமே என்று பலர் கேட்டார்கள். இன்றும் அப்படித்தான் பல அலுவலகங்கள் ஓடுகின்றன. எனக்கு அந்தத் துணிவு இல்லை. 2023ஆம் ஆண்டில் ஒரு திங்கட்கிழமை காலை, ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசரின் கணினிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பட்டனும் லேபிளும் தருகிறவரின் பெயர்போலவே இருந்தது. உள்ளே ஒரு ஜிப் கோப்பு. திறந்தார். மதியச் சாப்பாட்டுக்குள் பொதுப் போல்டரில் இருந்த அத்தனை கோப்புகளின் பெயர்களும் மாறிவிட்டன. பேக்கிங் லிஸ்ட், காஸ்டிங் ஷீட், மாதிரிப் படங்கள் எதையும் திறக்க முடியவில்லை. பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் மட்டும் திறந்தது. நாங்கள் பணம் கட்டவில்லை. ஒன்பது நாளுக்கு முன்பு எடுத்த பிரதி ஒன்று, தற்செயலாகக் கணினியில் செருகப்படாமல் என் டிராயரில் கிடந்த ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. அந்த ஒன்பது நாள் வேலையை மீண்டும் செய்ய, ஷிப்மெண்ட் நேரத்தில் இரண்டு வாரம் இரவு பத்து மணி வரை உட்கார்ந்தோம். இப்படி ஒரு தாக்குதல் நடந்தால் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலிலேயே உத்தரவு வந்திருந்ததும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து அப்டேட் என்ற சொல்லை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுவதும் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள், போடாதவர்கள் மாட்டினார்கள். அப்டேட் நின்றுபோன கணினி என்றால், இனி ஓட்டை தெரிந்தாலும் அடைக்க ஆள் வரமாட்டார் என்று பொருள். காசு கட்டி நீட்டித்துக்கொள்ளும் வழி உண்டு. நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு மடங்காகும், மூன்றாண்டோடு அதுவும் முடிந்துவிடும். பன்னிரண்டு கணினிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அதை ஒதுக்கினேன்.

2025 ஜனவரியில் மின்ட் 22.1 வெளிவந்தது. மூன்று வகைகளில் எக்ஸ்எஃப்சிஇ எனப்படும் எளிய வகையை எடுத்தேன், பழைய கணினிக்கு அதுதான் இலகு. இரண்டு ஜிபி நினைவகத்திலும் ஓடும் என்று மின்ட் குழு சொல்கிறது. ஆனால் பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்து வைக்கும் அலுவலகத்துக்கு எட்டு ஜிபி இல்லாமல் இறங்காதீர்கள். ஒவ்வொரு கணினிக்கும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், பயன்படுத்திய நான்கு ஜிபி நினைவகத் தகடு ஒன்றும் வாங்கினோம். ஒன்றுக்கு 2,600 ரூபாய் வீதம் மொத்தம் 31,200 ரூபாய். மின்ட்டுக்குக் காசு இல்லை. கொட்டேஷனையும் இந்தத் தொகையையும் ஒரே தாளில் எழுதி முதலாளியிடம் காட்டினேன். பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

பதிவிறக்கும்போது ஒரு வேலையை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம். 2016 பிப்ரவரியில் மின்ட்டின் இணையதளத்துக்குள்ளேயே ஆள் புகுந்து, பின்கதவு (வெளியாள் ரகசியமாக நுழையும் வழி) வைத்த போலிப் பிரதியைப் பதிவிறக்கப் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். மின்ட் குழு அதை மறைக்காமல் உடனே அறிவித்தது. அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்கள்மேல் மதிப்பு உண்டு. ஆனால் பாடம் நமக்குத்தான். பதிவிறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணை அவர்கள் கையொப்பமிட்டு வெளியிடும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கட்டளை ஒரு வரிதான். எனக்கு முதல்முறை இருபது நிமிடம் பிடித்தது, இப்போது இரண்டு நிமிடம்.

போடுவதற்கு முன்பு பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது பெரிய நிம்மதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்துக்கு வந்து, பன்னிரண்டு கணினியிலும் ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் மின்ட்டை ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நெட், திரை, ஒலி வேலை செய்தன. ஒன்றில் மட்டும் வைஃபை வரவில்லை, அதற்கு கேபிள் இழுத்துவிட்டோம். மாடிப்படிக் கணினி முன்பு காலையில் எழுந்து நிற்க நான்கு நிமிடம் எடுக்கும். அதற்குள் பேக்கிங் சூப்பர்வைசர் அண்ணன் டீ வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். எஸ்எஸ்டியும் மின்ட்டும் போட்ட பிறகு முப்பது விநாடிக்குள் திரை வந்துவிட்டது. அவர் நம்பாமல் மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

சோதனை அந்தக் கணினியில்தான் வந்தது. டெலிவரி சலான் அடிப்பது பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். மூன்று நிறத் தாள், நடுவே கார்பன், மேலே ஏற்கெனவே அச்சிட்ட கட்டங்கள். மின்ட்டில் பிரிண்டர் உடனே தெரிந்தது, முதல் பக்கமும் அச்சானது. ஆனால் ‘துணியின் எடை’ என்ற கட்டத்தில் வர வேண்டிய எண் அரை வரி கீழே இறங்கி ‘ரோல் எண்ணிக்கை’யில் விழுந்தது. சாயப்பட்டறைக்குப் போகும் வண்டி வாசலில் நிற்கிறது, ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார், நான் வரி இடைவெளியை மாற்றி மாற்றி அச்செடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் கையால் எழுதித்தான் அனுப்பினோம். தாளின் அளவை நாமே அங்குலத்தில் சரியாகக் கொடுத்து, வெறும் எழுத்தாக மட்டும் அனுப்பும் டிரைவரைத் தேர்ந்தெடுத்தால்தான் கட்டத்தில் உட்காருகிறது. இதைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது. டாட் மேட்ரிக்ஸ் வைத்திருப்பவர்கள் அதற்கென்று ஒரு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், ஷிப்மெண்ட் வாரத்தில் தொடாதீர்கள்.

அந்தச் சண்டையில்தான் டைம்ஷிப்ட்டின் அருமையும் தெரிந்தது. ஏதோ ஒரு டிரைவரைப் போட்டுவிட்டுக் கணினியை மறுபடி இயக்கினால் கறுப்புத் திரை. மின்ட்டோடு வரும் டைம்ஷிப்ட், கணினியின் நிலையைக் குறித்த நேரங்களில் படம் பிடித்து வைத்துக்கொள்கிறது. பென்டிரைவிலிருந்து எழுப்பி, நேற்றைய படத்தைத் தேர்ந்தெடுத்தேன். பத்து நிமிடத்தில் கணினி நேற்று மாலை இருந்த இடத்துக்குத் திரும்பிவிட்டது. ஆள் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஒன்று நினைவில் இருக்கட்டும்: டைம்ஷிப்ட் காப்பது கணினியின் நிரல்களை. நம் கோப்புகளுக்குத் தனியாகப் பிரதி எடுத்தாக வேண்டும்.

அப்டேட் மேலாளர் கீழ்ப்பட்டையில் ஒரு சிறு கேடயமாக நிற்கிறது. நான் அதைத் தானாகவே நடக்கும்படி வைத்துவிட்டேன். 22.1இலிருந்து 22.2க்கு வந்தது கூட அதன் வழியாகத்தான். ஒரு கணினிக்குக் கால் மணி நேரம். இந்த 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு.

தமிழுக்கு வருகிறேன். தையல் நடக்கும் பவர்டேபிள் பிரிவில் பீஸ் ரேட் சம்பளச் சீட்டு தமிழில்தான் கொடுக்கிறோம். தமிழ்99 விசைப்பலகையை அமைக்க ஐந்து நிமிடம் ஆனது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் ஒருங்குறித் (யூனிகோடு) தமிழ் அழகாகவே விழுகிறது. சிக்கல் பழைய கோப்புகளில். 2010க்கு முன்பு தட்டிய நோட்டீஸ்கள், விண்ணப்பங்கள் எல்லாம் ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் இருந்தன. எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். எழுத்துருக்களைக் கொண்டுவந்து போட்டோம், அடிக்கடி எடுப்பவற்றை மட்டும் ஒருங்குறிக்கு மாற்றினோம்.

மின்ட்டில் ஓடாதவையும் உண்டு. துணி வெட்டுவதற்கான பேட்டர்னைக் கணினியில் வரையும் கேட் (CAD) மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகி அரசு இணையதளங்களில் கையொப்பமிடுவதும் லினக்ஸில் எனக்குக் கைகூடவில்லை. ஆகவே தேறிய அந்த இரண்டு கணினிகளில் விண்டோஸ் 11 போட்டு, ஒன்றைப் பேட்டர்ன் மாஸ்டருக்கும் ஒன்றைக் கையொப்ப வேலைக்கும் ஒதுக்கினோம். எல்லாவற்றையும் மாற்றியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் முதல் மாதமே இந்த முயற்சி கவிழ்ந்திருக்கும்.

கணக்கு மென்பொருளும் விண்டோஸுக்கானதே. அதை, இணையம் வழியே பயன்படுத்தும் கிளவுட் சர்வர் ஒன்றுக்கு மாற்றினோம். கணக்குப் பிரிவில் மூவரும் ரெமினா என்ற நிரல் வழியாக அந்த சர்வரில் நுழைந்து வேலை பார்க்கிறார்கள். மழை நாளில் நெட் போனால் மூவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் வேறு நிறுவனத்தின் இரண்டாவது இணைப்பு ஒன்றும் வாங்கிவைத்தோம். கிளவுடுக்குப் போகிறவர்கள் மாதக் கட்டணத்தோடு இந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். இன்னொன்றையும் சேவை தருபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரைவேட் லிமிடெட் நிறுவனங்கள் கணக்குப் புத்தகங்களை மின்னணு வடிவில் வைத்திருந்தால், அதன் பிரதியை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுத்து வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனி விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். நான் விசாரித்த இருவரில் ஒருவருக்குத் தம் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்றே சொல்லத் தெரியவில்லை.

மற்ற கோப்புகளுக்கு ரெஸ்டிக் என்ற இலவச நிரல். கோப்புகளை இங்கேயே பூட்டிவிட்டுத்தான் கிளவுடுக்கு அனுப்பும், சாவி நம்மிடம். ஒரே கோப்பை இரண்டு முறை சேர்க்காது. எங்கள் மாதிரிப் படங்கள் 900 ஜிபி இருந்தன. ஒரே டி-ஷர்ட்டின் படம் மெர்ச்சண்டைசிங், குவாலிட்டி, பேக்கிங் என்று ஆறு போல்டரில் கிடந்தது. கிளவுடில் ஏறியபோது 310 ஜிபிதான் ஆனது. ஏறிய பிரதியை அலுவலகக் கணினி எதிலிருந்தும் அழிக்க முடியாதபடி அனுமதியைச் சுருக்கியிருக்கிறேன். 2023இல் வந்தவன் மறுபடி வந்தாலும் அதைத் தொட முடியாது. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை ஏதாவது ஒரு போல்டரைக் கிளவுடிலிருந்து இறக்கித் திறந்து பார்க்கிறேன். திறந்து பார்க்காத பிரதியை நான் பிரதி என்று எண்ணுவதில்லை.

மின்ட் போட்டுவிட்டதால் திருட்டு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். எங்கள் பெயரில் ஓர் எழுத்து மாற்றிய முகவரியிலிருந்து, எங்களிடம் சரக்கு வாங்கும் பையருக்கு மின்னஞ்சல் போனது: ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்.’ பையரின் கணக்குப் பிரிவில் இருந்த அம்மையார் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டதால் தப்பித்தோம். இதை எந்த இயங்குதளமும் தடுக்காது. வங்கி விவரம் மாறினால், முன்பே தெரிந்த எண்ணில் பேசி உறுதி செய்யாமல் பணம் போடக் கூடாது என்று இரு தரப்பும் எழுதி வைத்துக்கொண்டோம். எல்லா மின்னஞ்சல் கணக்குக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வைத்தாயிற்று.

இதையெல்லாம் காசுக்காகவும் பயத்துக்காகவும் மட்டும் செய்யவில்லை. நான் பிறந்தது நொய்யலாற்றுக் கரையில். ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி, கீழ்ப்பக்கத்துத் தோட்டங்களில் கிணற்றுத் தண்ணீர் கெட்டதைப் பார்த்து வளர்ந்தேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் திருப்பூரே உறைந்துபோனது. அதன்பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு ஊர் முழுவதுமாக வந்தது. சவ்வு வைத்துத் தண்ணீரைப் பிரித்து, எஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சி, உப்பைக்கூட எடுத்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஓடுகிற பன்னிரண்டு கணினிகளை அப்டேட் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் காயலான் கடைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைப்படி 2022இல் உலகம் தள்ளிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். விண்டோஸ் 10 முடிவதால் மட்டும் 24 கோடி கணினிகள் கழிவாகக்கூடும் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் கணித்தது. எங்கள் பன்னிரண்டு அந்தக் கணக்கில் இல்லை.

கிளவுடும் கழிவில்லாதது அல்ல. அது ஆகாயத்தில் இல்லை, எங்கோ ஒரு கட்டடத்தில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இருக்கிறது. 2024இல் உலகின் மின்சாரத்தில் சுமார் 1.5 சதவீதத்தைத் தரவு மையங்கள் எடுத்துக்கொண்டதாகச் சர்வதேச எரிசக்தி முகமை சொல்கிறது. பையர் ஆண்டுதோறும் அனுப்பும் சுற்றுச்சூழல் வினாத்தாளில் தண்ணீர், விறகு, மின்சாரம், மின்னணுக் கழிவு எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. கிளவுடுக்கு இல்லை. எங்கள் பட்டியலில் 900 ஜிபியை 310 ஆக்கியதை நான் தனித் தாளில் எழுதி இணைத்தேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் எழுத வேண்டும் என்று தோன்றியது.

மதிப்பெண் கேட்டால், ஆர்டர் பார்க்க, மின்னஞ்சல் அனுப்ப, பேக்கிங் லிஸ்ட் போட, சலான் அடிக்க மின்ட்டுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் அந்த நான்கு நாள் டாட் மேட்ரிக்ஸுக்காகக் குறைத்தது. கேட் மென்பொருளும் கையொப்ப டோக்கனும்தான் முழு நேர வேலை என்றால் உங்களுக்கு இது வேண்டாம். கணினியைக் கவனிக்க அலுவலகத்தில் ஒருவர்கூட இல்லை என்றாலும் வேண்டாம். பொறுமையுள்ள ஓர் ஆள் இருந்தால் போதும், கணினிப் படிப்பு தேவையில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கழற்றிய பன்னிரண்டு பழைய ஹார்டு டிஸ்க்குகளை ஒரு துணிப்பையில் போட்டு பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். பத்தாண்டு விலைப்பட்டியல், தொழிலாளர்களின் ஆதார் நகல், வங்கி விவரம் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. கோப்பை அழிப்பது அழிப்பாகாது என்பதால், டிஸ்க் முழுவதையும் ஒன்றன்பின் ஒன்றாக மின்ட் வழியாக மேலெழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்றுக்கு மூன்று மணி நேரம். ஏழு முடிந்திருக்கிறது. இரண்டு இனிச் சுழலவே மறுக்கின்றன. அவற்றை மெஷின் மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்து டிரில் போட்டு ஓட்டை போடச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் முடிந்ததும், அரசுப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் பன்னிரண்டையும் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும்.